கட்டட வேலைத்தலங்களில் பெண்களின் உரிமை

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பிரதேசத்துக்கு நிர்மாண வேலைகள் புதியனவல்ல. 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலமும், ஆழிப்பேரலைக்கும் யுத்தத்துக்கும் பின்னர் மாவட்டமெங்கும் எழுந்த வீடுகளும் இதற்குச் சான்று. சம்பூரில் 120 மெகாவாற் சூரியமின் திட்டம் 2025 ஏப்ரலில் ஆரம்பித்துவைக்கப்பட்டது. ஒவ்வொரு திட்டத்தின்போதும் இளைஞர்களுக்குத் தொழில் கிடைக்கும் என்று கூறப்படுகின்றது. பெண்களுக்கு எத்தகைய தொழில் கிடைக்கும் என்ற கேள்வி அரிதாகவே எழுகின்றது.

குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கும் தமிழ், முஸ்லிம் பெண்கள் பலர் இங்குள்ளனர். கட்டட வேலைக்கு வரும் பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கல்லும் மணலும் சுமக்கும் வேலையே. மேசன் வேலை, தரையோடு பதித்தல், மின்னிணைப்பு ஆகிய நல்ல கூலி தரும் தொழில்கள் ஆண்களுக்குரியனவாகவே கருதப்படுகின்றன.

சட்டம் இல்லாமலில்லை. அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கின்றது. சம ஊதியம் தொடர்பான சர்வதேச சமவாயத்தை இலங்கை 1993 இல் ஏற்றுக்கொண்டது. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டு, எத்தனையாவது குழந்தையாயினும் 84 நாள் விடுமுறை என்றாயிற்று. பாலூட்டும் தாய்க்கு வேலைநேரத்தில் இரு இடைவேளைகளும் உண்டு.

ஆயினும், மகப்பேற்று நன்மையைப் பெறுவதற்கு முந்திய ஓராண்டில் ஒரே தொழில்தருநரிடம் 150 நாட்கள் வேலை செய்திருத்தல் வேண்டும். இன்று ஓர் உப ஒப்பந்தகாரரிடமும் அடுத்த மாதம் இன்னொருவரிடமும் நாட்கூலிக்குச் செல்லும் பெண் இதனை எவ்வாறு நிரூபிப்பாள்? நியமனக் கடிதமோ பெயர்ப்பதிவோ இல்லாதவிடத்து, ஏட்டிலுள்ள உரிமை அவளது கைக்கு எட்டுவதில்லை.

பிள்ளைப் பராமரிப்பும் இவ்வாறானதே. 1969 இல் டில்லியில் ராஜ்காட் அருகே நடைபெற்ற கட்டட வேலைத்தலத்தில், தாய்மார் உழைக்கையில் புழுதியில் கிடந்த குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு பராமரிப்பு நிலையத்தை ஆரம்பித்தார். பின்னர் 1996 இல் இந்தியா இயற்றிய சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் தொழில்புரியும் கட்டட வேலைத்தலங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை ஒதுக்குமாறு விதித்தது. எமது மாவட்டத்தின் சிறிய வேலைத்தலங்களுக்கு அத்தகைய எண்ணிக்கை பொருந்தாது. அயலிலுள்ள பல வேலைத்தலங்களுக்குப் பொதுவான பராமரிப்பு நிலையமொன்றே நடைமுறைக்கு ஏற்றது.

ஒப்பந்தகாரரின் மனச்சாட்சியை மாத்திரம் நம்பியிருப்பதில் பயனில்லை. குறைந்த விலை கோருபவருக்கே வேலை கிடைக்கும் முறையில், பெண்களுக்கான மலசலகூடமும் உடைமாற்றும் அறையும் பிள்ளைப் பராமரிப்பும் முதலில் வெட்டப்படும் செலவுகளாகின்றன. சீமெந்துக்கும் கம்பிக்கும் விலை குறிக்கும் கேள்விப்பத்திரத்திலேயே இவற்றுக்கும் தனி விலை குறிக்கப்பட வேண்டும். அப்போது எந்த ஒப்பந்தகாரரும் இவற்றைக் கைவிட்டு இலாபம் தேட இயலாது. உப ஒப்பந்தகாரரின் கீழுள்ளோரின் பெயரையும் வேலை நாட்களையும் பிரதான ஒப்பந்தகாரரே பதிவுசெய்தல், சம வேலைக்குச் சம கூலி ஆகியவையும் ஒப்பந்த நிபந்தனைகளாதல் வேண்டும்.

மூடிய மலசலகூடமும் பாதுகாப்பான போக்குவரத்தும் இருப்பின், தம் பெண்களை வேலைக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களின் தயக்கமும் குறையும். தொழிற்பயிற்சி நிலையங்கள் மேசன், மின்னிணைப்புப் பயிற்சிகளில் பெண்களுக்கு இடமொதுக்குவதும் அவசியம். இவை சலுகைகளல்ல, உழைப்பவரின் உரிமைகள். மாவட்டத்தில் அடுத்த ஒப்பந்தம் கைச்சாத்திடப்படுவதற்கு முன்னரே உரியோர் இதனைக் கவனத்திற் கொள்வார்களாக.