ஐந்து பெட்டிகளும் ஒரு பிழையும்

கணிப்பொறி தவறான விடை தந்தால், நிரல் எழுதியவர்தான் தவறு செய்திருப்பார் என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால், நிரலும் சரி, இயந்திரமும் சரி. விடை மட்டும் தவறு என்று ஆவதும் உண்டு. அப்போது குற்றவாளி யார்? இடையில் நிற்கும் தொகுப்பி!

நாம் எழுதும் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளரே தொகுப்பி. ஜான் பேக்கஸ் குழுவினர் உருவாக்கிய ஃபோர்ட்ரான் மொழியின் தொகுப்பியை ஐ.பி.எம். நிறுவனம் 1957-இல் வெளியிட்டது. வானிலைக் கணக்குகளுக்கு ஃபோர்ட்ரான் இன்றும் பயன்படுகிறது.

வரிசையாக அமைந்த எண்களின் தொகுதிக்கு அணி என்று பெயர். ஃபோர்ட்ரான் 90 வந்தபின் அணி முழுவதையும் ஒரே வரியில் கையாள முடிந்தது. 5 பெட்டிகளில் 10, 20, 30, 40, 50 என்ற எண்கள் உள்ளதாகக் கொள்வோம். "முதல் 4 பெட்டிகளில் உள்ளவற்றை 2 முதல் 5 வரையுள்ள பெட்டிகளில் வை" என்பது கட்டளை. எடுக்க வேண்டியதை முழுவதும் எடுத்த பிறகு வைத்ததுபோல் விடை அமைய வேண்டும் என்பது மொழியின் விதி. எனவே விடை: 10, 10, 20, 30, 40.

இதற்குத் தொகுப்பி ஒரு தற்காலிகப் பிரதி எடுக்கலாம். ஆனால் அதற்கு நேரமும் இடமும் செலவாகும். ஆகவே, எடுக்கும் பெட்டிகளும் வைக்கும் பெட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியவில்லை என்றால், பிரதியைத் தவிர்த்துவிடும். இந்தச் சோதனையில்தான் சறுக்கல் நேர்கிறது. பெட்டி எண்கள் நிரல் ஓடும்போதுதான் தெரியும் என்றாலோ, ஒரே அணிக்கு இரண்டு பெயர்கள் இருந்தாலோ, கண்டுபிடிப்பது கடினம்.

"படியவில்லை" என்று தவறாக முடிவுசெய்தால் என்ன ஆகும்? முதல் பெட்டியின் 10 இரண்டாவதற்குப் போகும். அங்கிருந்த 20 அழியும். அந்தப் புதிய 10 மூன்றாவதற்குப் போகும். இப்படியே ஐந்திலும் 10! இயந்திரம் நிற்காது, எச்சரிக்கையும் செய்யாது. அவை ஐந்து ஊர்களின் வெப்பநிலைகளாக இருந்தால்?

ஜிஎன்யு ஃபோர்ட்ரான் தொகுப்பியிலும் இவ்வகைப் பிழைகள் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டுள்ளன. பிழையைக் காட்டிய சிறு நிரலைச் சோதனைத் தொகுப்பில் சேர்த்துவிடுவார்கள். அதே பிழை மீண்டும் தலைகாட்டினால் அந்த நிரல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்து காகிதத் துண்டுகளில் எண்களை எழுதி நீங்களும் இதைச் செய்து பாருங்கள். பிரதி எடுக்காமலே சரியான விடை பெற ஒரு வழி உண்டு. எந்தப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்?

(விடை: கடைசிப் பெட்டியிலிருந்து.)