மால்கம் என்னும் பெயர்

பெயர்ப் பொருள் கூறும் நூல்கள் பலவும் மால்கம் என்பதற்குப் ‘புறாவின் அடியான்’ எனப் பொருளுரைத்து அமைகின்றன. அது முற்றும் பிழையன்று. எனினும் அப்பெயரின் வரலாற்றை மறைத்துவிடுகின்றது.

இதன் பழைய கேலிக் வடிவம் ‘மாய்ல் கொலும்’ என்பது. மாய்ல் என்னும் சொல் முதற்கண் வழுக்கைத் தலையையும் மழித்த தலையையும் குறித்தது. கொம்பில்லாத மாட்டிற்கும் வழங்கிற்று. துறவியர் தலை மழிக்கும் வழக்கால் அது பின்னர் அடியவரைச் சுட்டலாயிற்று. கொலும் என்பது புறாவைக் குறிக்கும் ‘கொலும்பா’ என்ற இலத்தீன் சொல்லின் திரிபேயாம். ஆயின் ஈண்டு அது பறவையைச் சுட்டவில்லை; கி.பி. 563-இல் அயர்லாந்தினின்றும் கடல் கடந்து சென்று அயோனாத் தீவில் மடம் நிறுவி, 597-இல் மறைந்த கொலும்பா அடிகளையே சுட்டுகின்றது. எனவே ‘கொலும்பா அடிகளுக்கு ஆட்பட்டவன்’ என்பதே நேரிய பொருள்.

தூயோர் சிலர் பெயரை மக்கட்கு நேரே இடுதற்கு அக்காலத்தார் கூசினர். ஆட்பட்டமை கூறும் சொல்லை முன்வைத்தே இட்டனர். இவ்வழக்கு ஆண்பாற்கே உரியதன்று. கென்னத் மக்கால்பின் என்னும் அரசன் மகள், 913-இல் இறந்தவள், ‘மாய்ல் முயிரெ’ (மரியன்னையின் அடியாள்) எனப் பெயர் பெற்றிருந்தாள்.

பிற்காலத்தில் இப்பொருள் வழக்கிலிருந்து மறைந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மால்கம் எக்ஸ் (1925–1965), தம் குடிப்பெயர் அடிமைக் காலத்து ஆண்டைகள் இட்டது என்று அதனைத் துறந்தார். மால்கம் என்பதையோ வைத்துக்கொண்டார்.

ஸ்காட்லாந்து அரசர் நால்வர் இப்பெயர் பூண்டவர். அவருள் மூன்றாமவன் (1058–1093), ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தால் உலகறிந்தவன். ‘பெருந்தலை’ அல்லது ‘பெருந்தலைவன்’ எனப் பொருள்படும் ‘கான்மோர்’ என்னும் அடையை வரலாற்று நூல்கள் இவனுக்கே சூட்டுகின்றன. ஆனால் அயர்லாந்து நாட்டு அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு, 1165-இல் மணமாகாமலே 24-ஆம் அகவையில் மறைந்த நான்காம் மால்கத்தை அவ்வடையோடு குறிக்கின்றது. அடைமொழி முதலில் இவ்விளைஞனுக்கே உரியதாயிருந்து, பெயரொப்புமையால் அவன் பூட்டனாகிய மூன்றாமவன்மேல் ஏறியது என ஆய்வாளர் சிலர் கருதுவர். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகின்றது: புகழ் மிக்கவன்பால் அடைமொழி சென்று சேர்தல் எளிது, அவனை விட்டுப் புகழ் குறைந்தவன்பால் செல்லுதல் அரிது.