தையல் போட்டாச்சு, விரல் ஏன் இன்னும் மடங்கல?

கத்தியோ கண்ணாடியோ பட்டு விரல் மடங்காம போச்சுன்னா, மயிலாப்பூர்ல இருந்து அடையார் வரைக்கும் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "நரம்பு கட் ஆயிடுச்சு." நரம்பும் அறுபட்டிருக்கலாம். ஆனா விரலை இழுத்து மடக்குறது நரம்பு இல்லை, தசைநாண். தசையை எலும்போட இணைக்கிற கயிறு.

ஒரு சின்ன சோதனை. இடது கையால வலது முன்கையைப் பிடிச்சுக்கிட்டு, வலது கை விரல்களை மடக்கி நீட்டுங்க. அசைவு முன்கையில தெரியும். விரலை மடக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கு. அங்கிருந்து கட்டைவிரலுக்கு ஒண்ணு, மத்த விரல்களுக்கு ரெண்டு ரெண்டுன்னு தசைநாண்கள் வருது. விரலுக்குள்ள அவை ஒரு இறுக்கமான உறைக்குள்ள வழுக்கி ஓடுது, கிணத்து ராட்டினத்துல கயிறு ஓடுற மாதிரி.

சிக்கலே இங்கேதான். காயம் ஆறும்போது உடம்பு தசைநாணோட ரெண்டு முனையை மட்டும் ஒட்டாது. பக்கத்துல இருக்கிற உறையையும் சேர்த்து ஒட்டிடும். அசைக்காம வச்சா ஒட்டிக்கும். பலமா இழுத்தா தையல் அறுந்துடும். உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடுப்பகுதி வரைக்கும் இது ரொம்ப மோசம். அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் அதை யாருக்கும் சொந்தமில்லாத நிலம்னு சொன்னார். அங்கே உடனே தைக்கவே வேண்டாம் என்பதுதான் பல காலம் நடைமுறை.

1960-களில் ஹெரால்ட் கிளைனெர்ட் குழுவினர் அதை மாத்தினாங்க. நகத்துல ரப்பர் பேண்டு மாட்டி, விரலை நோயாளியே நீட்டணும். மடக்குற வேலையை ரப்பர் பார்த்துக்கும். தசை இழுக்காமலே தசைநாண் வழுக்கும். இன்னைக்கு முறைகள் நிறைய மாறியிருந்தாலும் அடிப்படை அதேதான்: பாதுகாப்பான அளவுல, சீக்கிரமே அசைவு.

அடுத்தது மூளை. இதுக்கு நல்ல உதாரணம் வேலூர்ல இருக்கு. சி.எம்.சி.க்கு 1946-ல் வந்த பால் பிராண்ட், தொழுநோயால நரம்பு செயலிழந்து மடங்கிப்போன கைகளைப் பார்த்தார். நல்லா வேலை செய்யற ஒரு தசைநாணை இடம் மாத்திக் கட்டி, செத்துப்போன தசையின் வேலையை அதுக்குக் கொடுத்தார். ஆனா மோதிர விரலை மடக்கிக்கிட்டிருந்த தசைக்குப் புது வேலை கொடுத்தா, அது மூளைக்குத் தெரியாதே! நோயாளி பழைய அசைவை நினைச்சு நினைச்சு, புது அசைவைப் பழகணும். கட்டுப் பிரிச்ச பிறகுதான் பாதி வேலையே ஆரம்பிக்கும். அதனால அறுவை அறையோட சேர்ந்தே இயன்முறைப் பயிற்சியும் அங்கே வளர்ந்தது. சென்னையிலும் ஸ்டான்லி மருத்துவமனையில கை சிகிச்சைக்குன்னே தனித்துறை நடத்துறாங்க; அதை உருவாக்கியவர் பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி.

நம்ம ஊர்ல கை தவறிப்போறது பெரும்பாலும் மூணாவது, நாலாவது வாரத்துல. வலி போயிடும், தையல் பிரிச்சாச்சு, தினக்கூலி காத்திருக்காது. "சரியாயிடுச்சு"ன்னு குடத்தைத் தூக்கிடுவாங்க. வலி போறது வேற, தசைநாண் பலமாகுறது வேற. ஸ்பிளின்ட் பொதுவா 6 வாரம். பாரம் தூக்க 12 வாரமாவது ஆகும். எந்தப் பயிற்சியை எப்போன்னு மருத்துவரும் தெரபிஸ்டும்தான் சொல்லணும், ஏன்னா தையலின் வகை அவங்களுக்குத்தான் தெரியும்.

அதனால கையில ஆபரேஷன் ஆனவரைப் பார்க்கப் போனா, "நல்லா ஆச்சா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "இந்த வாரம் தெரபிக்குப் போனீங்களா, வண்டியில கூட்டிட்டுப் போகட்டுமா?"ன்னும் கேளுங்க.