இருளைத் தரும் மரம்

ஹக்கோடாட்டே, கோபே, நாகசாகி. மலைமேல் நின்று பார்க்கும்போது இந்த மூன்று ஊர்களின் இரவுதான் ஜப்பானிலேயே அழகு என்று சொல்வது அந்நாட்டார் வழக்கம். அப்படியொரு நகரத்து இரவை, ஒரு சாண்கூட நீளமில்லாத பேனாவின் உடம்பில் இறக்கிப் பல லட்சம் யென்னுக்கு விற்கிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது.

பார்ப்பவர் கண் முதலில் பொன்னுக்குத்தான் போகும். மெல்லிய துணி கட்டிய மூங்கில் குழாயில் பொன்தூளை நிரப்பி, மரப்பாலால் இழுத்த காயாத கோட்டின் மேல் விரலால் தட்டித் தட்டித் தூவுவார்கள். இதுதான் 'மாக்கியே'. ஜன்னல்களுக்குப் பொன், துறைமுகத் தண்ணீரில் நெளியும் வெளிச்சத்துக்கு அபலோன் சிப்பிச் சீவல். இதில் ஒரு முறையில், வரைந்த அத்தனையையும் கறுப்பால் மூடிவிட்டு, கரித்துண்டால் தேய்த்து விளக்குகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவருவார்கள். கை சற்று அழுந்தினால் பொன்னும் சேர்ந்து போய்விடும்.

எனக்கோ அந்தப் பொன்னைவிடக் கறுப்புதான் பெரிதாகத் தெரிகிறது. அது உருஷி மரத்தின் பால். இரும்பு சேர்ந்ததும் வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே கறுத்துவிடும். அதனால்தான் அந்த இரவுக்கு அத்தனை ஆழம். வெயிலில் காயவைத்தால் சரிப்படாது. காற்றில் 70, 80 சதவீத ஈரம் இருக்கும் அலமாரிக்குள் வைத்தால்தான் இறுகும். ஒரு பூச்சு இறுகினால்தான் அடுத்தது. மாதங்கள் இப்படியே போகும். நம் சேங்கொட்டைக்கும் முந்திரிக்கும் உறவுக்கார மரம் அது. பால் பட்டால் தோல் தடித்துப் புண்ணாகும். அதோடுதான் கைவினைஞர்கள் ஆயுள் முழுக்கப் பழகுகிறார்கள்.

அந்தப் பால் எவ்வளவு கிடைக்கிறது? 10, 15 வருடம் வளர்ந்த மரத்தில் ஜூன் தொடங்கி இலையுதிர்காலம் வரை, சில நாளுக்கு ஒருமுறை பட்டையைக் கீறிச் சொட்டுச் சொட்டாக வழிக்கிறார்கள். ஒரு பருவம் முழுக்க வழித்தாலும் ஒரு மரம் தருவது ஏறக்குறைய 200 கிராம். அதன்பின் மரத்தை வெட்டிவிடுகிறார்கள். ஜப்பானில் புழங்கும் உருஷியில் 90 சதவீதத்துக்கும் மேல் சீனத்திலிருந்து வருகிறது. உள்நாட்டுப் பாலில் பெரும்பங்கு, இவாத்தே மாநிலத்தின் ஜோபோஜி வட்டாரம் தருவது. தேசியச் சின்னங்களான பழங்கோயில்களைச் செப்பனிட உள்நாட்டு உருஷியையே பயன்படுத்துவதென்று 2015-இல் அரசு முடிவெடுத்தது. தேவை ஏறிவிட்டது; மரமும் ஆளும் அந்த வேகத்தில் பெருகவில்லை.

பூசுகிறவர்கள் நிலை இன்னும் கவலைக்கிடம். உருஷி வேலைக்குப் பேர்போன வாஜிமாவை 2024 ஜனவரி 1 அன்று நிலநடுக்கம் தாக்கியது. காலைச் சந்தைத் தெருவில் பற்றிய தீயில் 200-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. பட்டறைகள் சரிந்தன. எழுந்து நிற்பதற்குள், அதே ஆண்டு செப்டம்பரில் வெள்ளம். நூறு படிகளுக்கு மேல் உள்ள அவர்கள் வேலையில் மரம் கடைபவர், அடிப்பூச்சுக்காரர், மேல்பூச்சுக்காரர், பொன் தூவுகிறவர் எல்லாரும் வேறு வேறு ஆட்கள். நடுவில் ஒருவர் ஊரைவிட்டுப் போனாலும் மற்றவர் கை கட்டுண்டுபோகும்.

எழுதுவதற்கு இத்தனை விலையில் பேனா எதற்கு, அச்சில் அடித்த படமே போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. எழுத அது போதும்தான். ஆனால் அச்சுப் படம் வாங்கும் காசில் ஒரு கன்றுகூட நடப்படாது. இந்தப் பேனாவுக்குக் கொடுக்கும் காசு காட்டுவரை போக வழியிருக்கிறது. போகிறதா என்பதுதான் என் கேள்வி.

மாக்கியே பேனாவின் உடம்பில் ஓவியர் தன் கையொப்பத்தை நுணுக்கமாக இடுகிறார். அது அவருக்கு உரிய மரியாதை. பேனாப் பெட்டிக்குள் வைக்கும் தாளில் இன்னும் இரண்டு வரி சேர்க்கட்டும்: பால் எந்த ஊர்க் காட்டிலிருந்து வந்தது, வழித்தவர் யார். லட்சங்கள் கொடுத்து வாங்குகிறவர்கள் கடையில் இதைக் கேட்க வேண்டும். அவர்கள் கேட்டால் அடுத்த பதிப்பிலேயே அந்த இரண்டு வரிகளும் வந்துவிடும்.