ஆறு உடைத்ததா, ஆள் உடைத்ததா?

கல் அம்பு முனை தேடி மலேசிய ஆறுகளில் இறங்குபவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் கரையேறுவார். இங்கே வேடனுக்கு மூங்கிலும் எலும்பும் போதுமானவையாக இருந்திருக்கலாம். இலங்கையின் ஃபா ஹியன் குகையில் கிடைத்த சுமார் 48,000 ஆண்டுப் பழமையான அம்பு முனைகளும் எலும்பால் ஆனவைதான். மழைக்காட்டு மண்ணில் மூங்கில் மட்கிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் கல் கருவிகள்.

அந்தக் கருவிகளுக்குப் பேர்போன இடம் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கு. அங்குள்ள கோத்தா தம்பானில் 1938-இல் கோலிங்ஸ் என்பவர் சரளைப் படிவிலிருந்து கூழாங்கல் கருவிகளை எடுத்தார். ஆற்றில் உருண்டு உடைந்த கற்களாகவும் இருக்கலாமே என்ற சந்தேகம் நெடுநாள் தொடர்ந்தது. 1987-இல் தொல்லியலாளர் சுரைனா மஜிட் தோண்டியபோது சுத்தியல் கல், பட்டடைக் கல், உடைத்த கல், சிதறிய செதில்கள் எல்லாம் கலையாமல் ஒரே இடத்தில் கிடந்தன. பட்டறையே அகப்பட்டபின் ஆற்றின் மேல் பழிபோட முடியுமா? வயதுதான் இழுபறியானது. கூடவே கிடந்த எரிமலைச் சாம்பலை வைத்து முதலில் 31,000 ஆண்டு என்றார்கள். அது தோபா எரிமலை வெடிப்பின் சாம்பல் என்று தெரிந்தபின் கணக்கு சுமார் 74,000 ஆண்டுக்குப் போனது.

பட்டறை இல்லாமல் ஒற்றைக் கல் மட்டும் கையில் இருந்தால்? அடி விழுந்த இடத்தைப் பாருங்கள். கையால் அடித்துப் பெயர்த்த செதிலின் உட்புறத்தில், அடிபட்ட முனைக்குக் கீழே சிறு புடைப்பும், அங்கிருந்து சிப்பி ஓட்டில் இருப்பதுபோல விரியும் வளைவரிகளும் இருக்கும். தாய்க்கல்லில் அதே அளவு பள்ளம் விழும். ஒரே விளிம்பில், ஒரே திசையிலிருந்து, மூன்று நான்கு பள்ளங்கள் அடுத்தடுத்து இருந்தால் மனிதக் கையைச் சந்தேகிக்கலாம். ஆறு அப்படி ஒழுங்காக அடிக்காது; கண்ட இடத்தில் மோதி, கூர்விளிம்புகளை மழுக்கிவிடும்.

பெட்டாலிங் ஜெயாக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அவர்கள் ஊர் ஆறான சுங்கை பென்சாலா பல இடங்களில் சிமெண்டுக் கால்வாய். வீடு கட்டும் இடங்களில் குவிந்து கிடப்பதோ குவாரி ஜல்லி. கல் உடைக்கும் இயந்திரமும் கூரிய செதிலைத் தரும். உடைந்த முகம் பளிச்சென்றும் மேல்தோல் பழுத்தும் இருந்தால் அது அண்மையில் உடைந்தது.

ஆனால் பழம்பொருள் கிடைத்த இடத்துக்கு அவர்கள் ரொம்பத் தூரம் போக வேண்டாம். டெங்கிலுக்கு அருகே, லங்காட் ஆற்றுப் பக்கம் உள்ள ஜெண்டராம் ஹிலிரில் ஈயச் சுரங்க வேலையின்போது புதிய கற்கால முக்காலிப் பானைகள் கிடைத்தன. தாய்லாந்தின் பான் காவ் பானைகளுக்கு அவை உறவு. சுரங்கம் மண்ணைப் புரட்டிவிட்டதால் எது எதனோடு கிடந்தது என்ற கேள்விக்குப் பாதி விடைதான் மிச்சம். இந்த இழப்பு எனக்குப் பானை உடைந்ததைவிடப் பெரிதாகப் படுகிறது.

ஆகவே கல்லைப் பையில் போடுமுன் கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள், அருகில் அளவுக்கு ஒரு நாணயம் வைத்து. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, தொல்பொருள் என்று தோன்றுவதைக் கண்டெடுத்தவர் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவித்தாக வேண்டும்.