பாட்டிக்கு 14 மார்க்... ஹெட்மாஸ்டருக்கு 28!

வைத்தியசாலையைப் பூட்டப் போகிற நேரம். கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், ஒரு பாட்டியும் பேரனும். பாட்டிக்கு 74 வயது. பேரன் கையில் மடித்த தாள் ஒன்று.

"டாக்டர், அப்பத்தாவுக்கு மூளை தேயுதாம். மதுரையில ஒரு எடத்துல டெஸ்ட் எடுத்தோம். முப்பதுக்குப் பதினாலுதான். வல்லாரை லேகியம் ஏதாச்சும் குடுங்க."

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏந் தம்பி, மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவளைக் கொண்டுபோய்ப் பரீட்சையில உக்கார வச்சா, பெயிலாகாம வேற என்ன செய்யும்?"

சிரித்துவிட்டேன். ஆனால், வாசகர்களே, பாட்டி கேட்டது சிரிப்பான கேள்வி இல்லை. ஐம்பது வருஷமாக உலகத்து நரம்பியல் நிபுணர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது!

பேரன் கொண்டுவந்த தாளில் இருந்தது என்ன? 1975-ல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மக்ஹியூ என்ற டாக்டரும் உருவாக்கிய மனநிலைப் பரிசோதனை. பத்தே நிமிஷத்தில் முடிந்துவிடும். தேதி, ஊர் சொல்ல 10 மார்க். மூன்று வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல 3. சற்று நேரம் கழித்து அவற்றை ஞாபகப்படுத்திச் சொல்ல இன்னொரு 3. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க 5. எழுதியிருப்பதைப் படிக்க, ஒரு வாக்கியம் எழுத, ஒரு படத்தைப் பார்த்து வரைய, தலைக்கு ஒன்று. இப்படி மொத்தம் 30. பொதுவாக 24-க்குக் கீழே போனால் சந்தேகம்.

இப்போது நம் பாட்டியை அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். படிப்பு, எழுத்து, படம் மூன்றும் போச்சு. நூறில் ஏழு கழிக்கிற கணக்கை வாழ்க்கையில் யார் அவரிடம் கேட்டார்கள்? ஐந்தும் போச்சு. "இது என்ன மாசம்?" என்றதற்கு "ஆவணி" என்றாராம். ஆகஸ்ட் என்று சொல்லவில்லையாம், அதனால் தப்பு! அமாவாசை கழிந்து நாலு நாள் ஆச்சு என்பதுவரை சரியாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

நான் கேட்டேன்: "ஆத்தா, வெங்காயம் கிலோ முப்பத்தஞ்சு. மூணு கிலோ வாங்கிட்டு இருநூறு ரூபாத் தாள் நீட்டுறேன். மீதி?"

நான் வாயை மூடுவதற்குள் பதில் வந்தது. "தொண்ணூத்தஞ்சு. ஆனா முப்பத்தஞ்சுக்கு யாரு தம்பி வாங்குவா? முப்பதுக்குக் கேளுங்க!"

மூளை தேய்ந்தவர் பேரம் பேசுவாரா?

ஆனால் இன்னொன்றையும் கவனித்தேன். நான் தலையைத் திருப்பிக்கொண்டு கேட்ட கேள்விகளுக்குப் பாட்டி "ஆங்?" என்றார். காதில் குரும்பி அடைத்துக் கிடந்தது. எங்கள் சித்த மருத்துவத்தில் நாடி, நா, நிறம், மொழி, விழி, ஸ்பரிசம், மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வு உண்டு. பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்தபோது என் ஆசிரியர், "நோயாளியின் மொழியைக் கவனிக்கும் முன்னால், உன் மொழி அவன் காதில் விழுகிறதா என்று பார்" என்பார். டெஸ்ட் எடுத்த இடத்தில் அதைப் பார்க்கவில்லை.

ஹரியானாவில் மாறிய கேள்விகள்

இந்தக் குறை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியாததல்ல. ஹரியானா மாநிலம் வல்லப்கர் பகுதிக் கிராமங்களில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து வேலை பார்த்தார்கள். அங்கும் முதியவர்களில் பெரும்பாலோர் கைநாட்டு. அதனால் கேள்வித்தாளையே மாற்றி, 1995-ல் இந்தி மனநிலைப் பரிசோதனை என்று வெளியிட்டார்கள்.

மாற்றிய விதத்தைக் கேளுங்கள். 'கண்ணை மூடு' என்று எழுதியிருப்பதைப் படித்துச் செய்யச் சொல்வதற்குப் பதிலாக, "என்னைப் பார்த்து நான் செய்வதைச் செய்" என்று கண்ணை மூடிக் காட்டினார்கள். வாக்கியம் எழுது என்பதற்குப் பதிலாக, "உன் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லு" என்றார்கள். இங்கிலீஷ் வார்த்தையைத் தலைகீழாக எழுத்துக் கூட்டுவதற்குப் பதிலாக, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். சோதிக்கிற திறமை ஏறக்குறைய அதேதான். ஆனால் சிலேட்டு பிடிக்காதவரும் பதில் சொல்லலாம்!

மொழிபெயர்ப்பு வேறு, இது வேறு என்பதைக் கவனியுங்கள். 2005-ல் கனடாவில் வந்த 'மோகா' என்ற இன்னொரு பரிசோதனை தமிழிலும் இருக்கிறது. நல்ல பரிசோதனைதான். அதில் மூன்று மிருகங்களின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். சிங்கம், ஒட்டகம் சரி. மூன்றாவது காண்டாமிருகம்! எங்கள் கரிசல்காட்டில் அதை எங்கே போய்ப் பார்ப்பது? இதை உணர்ந்துதான் அதிகம் படிக்காதவர்களுக்கென்று அதிலேயே தனிப் பதிப்பு ஒன்றை 2015-ல் கொண்டுவந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நம் மொழிகளுக்கென்றே ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கி 2020-ல் முடிவுகளை வெளியிட்டது. இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என ஐந்து மொழிகள். அந்த முதல் ஐந்தில் தமிழ் இடம்பெறாதது எனக்கு வருத்தம்தான்.

ஹெட்மாஸ்டர் விஷயம் வேறு

பாட்டிக்கு நோய் இல்லாமலே மார்க் குறைந்தது. நோய் இருந்தும் மார்க் குறையாதவர்கள் உண்டு. இதுதான் எனக்கு அதிகமாகப் பயம் தருவது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். வயது 71. அவர் மனைவி மூட்டு வலித் தைலம் வாங்க வருவார். ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சாரு பால்காரருக்கு ஒரே மாசத்துல ரெண்டு தடவ பணம் குடுத்துட்டாக. போன வாரம் பேரையூருக்குப் போனவுக, எறங்க வேண்டிய எடம் தெரியாம கடைசி வரைக்கும் போயிட்டாக. கேட்டா எரிஞ்சு விழுறாக."

பரிசோதனைக்கு அனுப்பினேன். 28 மார்க்! "எனக்கா மறதி? பாரு, டிஸ்டிங்ஷன்!" என்று தாளை மனைவி முன்னால் ஆட்டினாராம். நானும் அப்போது சும்மா இருந்துவிட்டேன். அது என் தப்பு. நாற்பது வருஷம் கரும்பலகையில் கணக்குப் போட்டவருக்கு நூறில் ஏழு கழிப்பது தூக்கத்திலும் வரும். படிப்பினால் பலப்பட்ட மூளை, உள்ளே சேதம் தொடங்கிய பிறகும் சில காலம் ஒப்பேற்றிவிடும். ஒன்றரை வருஷம் கழித்துத்தான் நோய் பிடிபட்டது. அதற்குள் பென்ஷன் பணத்தில் ஒரு பகுதி யார் யாருக்கோ கைமாற்றாகப் போய்விட்டது.

இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? நோயாளியை மட்டும் கேட்காதே, வீட்டாரையும் கேள் என்பதுதான் வழி. 1989-ல் ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஒரு கேள்வித்தாள் வந்தது. நோயாளியிடம் ஒரு கேள்விகூடக் கிடையாது! பத்து வருஷத்துக்கு முன்னால் இவர் இருந்ததற்கு இப்போது எப்படி என்று மனைவியையோ மகளையோ கேட்பார்கள். அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிடுவதில்லை, அவரை அவரோடேயே ஒப்பிடுவது. படித்தவர், படிக்காதவர் இருவருக்கும் இது பொருந்தும்.

கனடாவின் க்ரீ பழங்குடி முதியவர்களுக்காக உருவான இன்னொரு பரிசோதனையும் பாதி முதியவரிடம், பாதி வீட்டாரிடம் கேட்பதுதான். அது நைஜீரியாவுக்குப் போனது, நம் ஊருக்கும் வந்தது. 1998-ல் கொச்சியில் கூடிய கூட்டத்தில் '10/66' என்ற ஆராய்ச்சிக் குழு பிறந்தது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள், ஆராய்ச்சியோ 10 சதவீதத்துக்கும் குறைவு என்பதுதான் பெயரின் கதை. சென்னையிலும் வேலூரிலும் இவர்கள் ஆய்வு நடத்தினார்கள்.

வேலூர் ஆய்வு என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயது தாண்டிய 1000 பேரைச் சோதித்து, 2007-ல் முடிவைச் சொன்னார்கள். அமெரிக்க இலக்கணப்படி பார்த்தால் மறதி நோய் 0.8 சதவீதம். 10/66 முறைப்படி பார்த்தால் 10.6 சதவீதம்! அதே ஊர், அதே ஜனங்கள். அளக்கிற கோல் மாறியதும் ஆயிரத்துக்கு எட்டு என்பது நூற்றுக்கு மேல் போய்விட்டது.

ஏன்? 'அன்றாட வேலை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்' என்கிறது அமெரிக்க இலக்கணம். நம் வீடுகளில் வயசானவருக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? திண்ணையில் உட்காருகிறார், சோறு வருகிறது. கேட்டால் "வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்கிறோம். பாதிப்பு கண்ணில் படுவதே இல்லை. பெரிய எண்ணிக்கைதான் முழு உண்மை என்றும் நான் சொல்ல மாட்டேன். அதில் நம் பாட்டியைப் போன்றவர்கள் சிலர் தவறி விழுந்திருக்கலாம். அதனால்தான் மார்க்கோடு படிப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறார்கள். 2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வு, 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்று மதிப்பிட்டது. அதிலும் அந்த ஹரியானாக் கேள்வித்தாள் பயன்பட்டது.

நீங்கள் டெஸ்டுக்குக் கூட்டிப்போனால்...

முதலில் காதையும் கண்ணையும் சரிபாருங்கள். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். எத்தனையாவது வரை படித்தார், வீட்டில் பேசும் மொழி எது என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் நிறைய. சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், முக்கியமாகத் தூக்க மாத்திரையை, பையில் போட்டுக்கொண்டு போங்கள். பி-12 சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு இவையும் மறதி நோய் போலவே வேஷம் போடும். சிகிச்சை செய்தால் தேறக்கூடியவை இவை. ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் அது வேறு விஷயம். காய்ச்சல், மூத்திரத் தொற்று, பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"சரி வைத்தியரே, வல்லாரை?" என்பீர்கள். நான் தினமும் கொடுக்கிற மூலிகைதான். கீரையாகச் சமைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் வல்லாரையோ நீர்ப்பிரமியோ மறதி நோயை மாற்றிவிடும் என்று இன்றுவரை நிரூபணம் இல்லை. இதைச் சொன்னால் என் வியாபாரம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

அன்றைக்குப் பேரனிடமும் லேகியம் கொடுக்கவில்லை. மெல்ல விசாரித்தேன். விஷயம் வெளியே வந்தது. பாட்டி தன் ஒன்றரை ஏக்கர் கரிசல்காட்டை மகளுக்கு எழுதி வைத்துவிட்டார். மகன்களுக்குப் பொறுக்கவில்லை. 'அம்மாவுக்குப் புத்தி சரியில்லாதபோது எழுதியது' என்று கேஸ் போட அந்த 14 மார்க் தாள்தான் ஆதாரமாம்! பேரனுக்கு இது பாதிதான் தெரியும். "தம்பி, இது சல்லடை. சந்தேகத்தைப் பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். இதை வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது" என்று சொல்லி, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை நரம்பியல் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். காதில் குரும்பி எடுத்து, படிக்காதவருக்குரிய கேள்விகளோடு மறுபடி பார்த்ததில் பாட்டிக்கு ஒன்றுமில்லை. அந்தப் பழைய தாளைப் பாட்டி இன்னமும் சுருக்குப்பையில் வைத்திருக்கிறார்.

ஹெட்மாஸ்டரின் மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறார். என்றைக்கு என்ன மறந்தார், எதைச் சரியாகச் செய்தார் என்று தேதி போட்டு இரண்டு வரி. மாதம் ஒரு தடவை மதுரை டாக்டரிடம் போகும்போது அதைத்தான் முதலில் நீட்டுகிறார். மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. சில நாட்களில் சாரே அந்த நோட்டை வாங்கி, மனைவியின் எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திக் கொடுக்கிறாராம்.