ஒரு வாக்குக்கு 40 கி.மீ. நடை, 499 பேருக்குச் சாலை இல்லை

புதுதில்லி: அருணாசலப் பிரதேசத்தின் மாலோகம் கிராமத்தில் 2024 மக்களவைத் தேர்தலின்போது இருந்தது ஒரே ஒரு வாக்காளர். வாக்குச்சாவடி 2 கி.மீ.க்கு அப்பால் இருக்கலாகாது என்ற விதிப்படி, தேர்தல் அலுவலர்கள் சுமார் 40 கி.மீ. மலைப்பாதையில் இயந்திரத்தைச் சுமந்து சென்றனர்.

சாலைக்கு மட்டும் வேறு கணக்கு. 2000-ம் ஆண்டு டிசம்பர் 25-ல் வாஜ்பாய் அரசு தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளிக் குடியிருப்பு என்றால் 500 பேர் வேண்டும். மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதிகளில் 250 பேர்; நக்சல் பாதிப்புள்ள மாவட்டங்களில், பின்னர் தளர்த்தப்பட்டபடி, 100 பேர். சமவெளியில் தனித்துக் கிடக்கும் 499 பேர் கொண்ட ஊருக்கு இத்திட்டத்தில் இடமில்லை. மழைக்காலத்தில் அங்குள்ள கர்ப்பிணியைக் கட்டிலில் வைத்துத் தூக்கிச் செல்ல வேண்டியதுதான்.

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த நான்காம் கட்டத்தின் மதிப்பு ரூ. 70,125 கோடி, இலக்கு 25,000 குடியிருப்புகள், 62,500 கி.மீ. சாலை. தொகை பெரிதுதான். ஆனால் தலைகள் எண்ணப்படுவதோ 2011 கணக்கெடுப்பின்படி! 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. இடையே 500-ஐத் தாண்டிவிட்ட ஊரும் ஏட்டில் இன்னும் சிற்றூரே. சாலையில்லாத ஊரைவிட்டு இளைஞர்கள் வெளியேறுவதால் எண்ணிக்கை தேய்ந்துவரும் ஊர்களின் கதை தனி.